கைத்தட்டல் ஓய்ந்தும் தீராத கணக்கு: பெருந்தொற்றுக் காலச் செவிலியர் பணிச்சோர்வு உணர்த்துவது என்ன?

விக்ரோலி (மும்பை): கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் மருத்துவமனைச் செவிலியர்களை வாட்டிய பணிச்சோர்வு, தனிமனிதர்களின் மனவலிமைக் குறைவால் நேர்ந்ததன்று. நோயாளிகளின் எண்ணிக்கைக்கும் அவர்களைக் கவனிக்க இருந்த செவிலியர்களின் எண்ணிக்கைக்கும் இடையிலான பெரும் இடைவெளியே அதன் வேராகும். மும்பையிலும் நாட்டின் பிற நகரங்களிலும் 2020 முதல் 2022 வரை நிகழ்ந்தவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால் இது தெளிவாகும். பெருந்தொற்று தணிந்துவிட்ட போதிலும் அந்த இடைவெளி மறையவில்லை என்பதால், இக்கேள்வி இன்றும் பொருத்தமுடையதாகவே இருக்கிறது.

மத்திய ரயில்வேயின் புறநகர்ப் பாதையில் காட்கோபருக்கும் காஞ்சூர்மார்க்கிற்கும் இடையே அமைந்துள்ளது விக்ரோலி. கிழக்கே கன்னம்வார் நகர், தாகூர் நகர் ஆகிய வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகளும், மேற்கே குன்றுச் சரிவில் நெருக்கமாக அமைந்த பார்க்சைட், சூர்யா நகர் குடியிருப்புகளும் உள்ளன. இப்பகுதி மக்கள் பெரிய சிகிச்சைகளுக்குத் தெற்கே காட்கோபரில் உள்ள ராஜாவாடி மருத்துவமனையையும், சயானில் உள்ள லோக்மான்ய திலகர் மாநகராட்சி மருத்துவமனையையும் நாடுகின்றனர். பெருந்தொற்றின்போது வடக்கே முலுண்டில் 'ஜம்போ' எனப்பட்ட பெரிய தற்காலிக சிகிச்சை மையமும் அமைக்கப்பட்டது.

2020 மார்ச் 22 நள்ளிரவுடன் மும்பையின் புறநகர் ரயில்கள் நிறுத்தப்பட்டன. அத்தியாவசியப் பணியாளர்களுக்கான சிறப்பு ரயில்கள் ஜூன் 15 அன்றுதான் தொடங்கின. இடைப்பட்ட 12 வாரங்களில், ரயிலையே நம்பியிருந்த மருத்துவமனை ஊழியர்கள் பேருந்துகளிலும் மருத்துவமனை வாகனங்களிலும் பணிக்குச் சென்றுவர வேண்டியிருந்தது. எட்டு மணி நேரப் பணி, பயண நேரத்தையும் சேர்த்தால் பலருக்குப் பன்னிரண்டு மணி நேரமாக நீண்டது. செவிலியரின் நாள் மருத்துவமனை வாயிலில் தொடங்கி அங்கேயே முடிவதில்லை என்பதை இதனோடு சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும்.

களைப்பு வேறு, பணிச்சோர்வு வேறு

ஆங்கிலத்தில் 'பர்ன்அவுட்' எனப்படும் நிலையைத் தமிழில் பணிச்சோர்வு என்று வழங்குகிறோம். இது சாதாரணக் களைப்பிலிருந்து வேறுபட்டது. களைப்பு ஓர் இரவு உறக்கத்திலோ சில நாள் விடுப்பிலோ தீர்ந்துவிடும். பணிச்சோர்வு அவ்வாறு தீர்வதில்லை. அமெரிக்க உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் 1974-ஆம் ஆண்டில் இச்சொல்லை ஆய்வுலகில் அறிமுகப்படுத்தினார். பின்னர் கிறிஸ்டினா மாஸ்லாக் அதனை அளவிடுவதற்கான வினாத்தொகுப்பை உருவாக்கினார்.

உலக சுகாதார அமைப்பு தனது 11-ஆவது பன்னாட்டு நோய் வகைப்பாட்டில் பணிச்சோர்வுக்கு மூன்று அடையாளங்களைக் குறிப்பிடுகிறது. முதலாவது, ஆற்றல் முற்றிலும் வற்றிவிட்டதாக உணர்வது. இரண்டாவது, பணியிலிருந்து மனம் விலகுவது அல்லது பணியின்மீது கசப்பு ஏற்படுவது. மூன்றாவது, தனது பணித்திறன் குறைந்துவிட்டதாக உணர்வது. நோயாளியின் வலியைக் கண்டு முன்பு பதறிய ஒருவர், எந்த உணர்வுமின்றி அடுத்த படுக்கைக்கு நகர்ந்து செல்வது இரண்டாம் அடையாளத்தின் வெளிப்பாடாக இருக்கலாம். வெளியிலிருந்து பார்ப்பவர் இதனைக் கடுமை என்றோ அலட்சியம் என்றோ எண்ணிவிடக்கூடும்.

இவ்வரையறையில் கவனிக்கத்தக்க மற்றொன்றும் உண்டு. பணிச்சோர்வை உலக சுகாதார அமைப்பு ஒரு நோயாக வகைப்படுத்தவில்லை. பணியிடத்தில் நீண்டகாலம் நிலவி, முறையாகக் கையாளப்படாத அழுத்தத்தின் விளைவாகவே அதனைக் கருதுகிறது. ஆகவே அதற்கான காரணத்தைப் பணியாளரின் உள்ளத்தில் தேடுவதற்கு முன், பணியிடத்தின் அமைப்பில் தேட வேண்டும்.

ஒரு படுக்கைக்கு எத்தனை செவிலியர்?

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு படுக்கைக்கு ஒரு செவிலியர் இருக்க வேண்டும் என்பது இந்தியாவில் பொதுவாக ஏற்கப்பட்ட விதிமுறை. இதனைக் கேட்பவர்கள் பத்துப் படுக்கைகளுக்குப் பத்துச் செவிலியர் போதும் என்று எண்ணுவதுண்டு. உண்மைக் கணக்கு வேறு.

படுக்கை 24 மணி நேரமும் கவனிக்கப்பட வேண்டும். எட்டு மணி நேரப் பணிமுறையில் நாளொன்றுக்கு மூன்று முறைகள், வாரத்திற்கு 21 முறைகள் ஆகின்றன. வாராந்திர ஓய்வு நாள் நீங்கலாக ஒரு செவிலியர் வாரத்தில் ஆறு முறைகள் பணியாற்றுகிறார். ஆகவே ஒரு படுக்கையைத் தொடர்ந்து கவனிக்க மூன்றரைச் செவிலியர் தேவை. பத்துப் படுக்கைகளுக்கு 35 பேர் தேவை. ஈட்டிய விடுப்பு, நோய் விடுப்பு, மகப்பேறு விடுப்பு ஆகியவற்றையும் சேர்த்தால் எண்ணிக்கை 40-ஐத் தாண்டும்.

பெருந்தொற்று இக்கணக்கை இரட்டிப்பாக்கியது. முழு உடல் கவச உடையில் எட்டு மணி நேரம் பணியாற்றுவது கடினம் என்பதால் பல மருத்துவமனைகள் ஆறு மணி நேர முறையைப் பின்பற்றின. அவ்வாறெனில் வாரத்திற்கு 28 முறைகள் தேவைப்படும். தொடக்க மாதங்களில் கொரோனா பிரிவில் குறிப்பிட்ட காலம் பணியாற்றியவர்கள் பின்னர் தனிமைப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. இரண்டு வாரப் பணி, ஒரு வாரத் தனிமை என்று வைத்துக்கொண்டால், மூன்று வாரங்களில் ஒருவர் ஆற்றக்கூடிய பணி 12 முறைகள் மட்டுமே. அதே மூன்று வாரங்களில் படுக்கைக்குத் தேவையானவையோ 84 முறைகள். எனவே ஒரு படுக்கைக்கு ஏழு செவிலியரும், பத்துப் படுக்கைகளுக்கு 70 செவிலியரும் தேவைப்பட்டனர்.

ஆனால் மருத்துவமனைகளில் ஏற்கெனவே இருந்த 35 பேருக்கே பற்றாக்குறை நிலவியது. பற்றாக்குறையை ஈடுகட்ட நான்கு வழிகளே இருந்தன: பணி நேரத்தை நீட்டித்தல், வார ஓய்வை ரத்து செய்தல், தனிமைக்காலத்தைக் குறைத்தல், ஒருவரிடமே பல நோயாளிகளை ஒப்படைத்தல். இந்நான்கின் சுமையும் செவிலியர்களையே சென்றடைந்தது. அதிக அபாயமுள்ள தொடர்பு ஏற்பட்டவர்களுக்கு மட்டுமே தனிமைப்படுத்தல் தேவை என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2020 மே மாதத்தில் அறிவுறுத்தியதும் இச்சூழலில்தான்.

கவச உடைக்குள் கழிந்த நேரம்

மும்பையின் மே மாத வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் காற்றுப் புகாத கவச உடையை அணிந்து பணியாற்றுவது எத்தகையது என்பதை வெளியிலிருந்து உணர்வது எளிதன்று. உடையை ஒருமுறை கழற்றினால் மீண்டும் அதனையே அணிய இயலாது. ஆகவே பணி நேரம் முழுவதும் நீர் அருந்தவும் உண்ணவும் கழிவறைக்குச் செல்லவும் வழியில்லை. கழிவறைத் தேவையைத் தவிர்க்கப் பணிக்கு வருவதற்குப் பல மணி நேரம் முன்பே பலர் தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொண்டனர். மாதவிடாய் நாள்களில் துன்பம் மேலும் அதிகரித்தது. இந்தியச் செவிலியர்களில் மிகப் பெரும்பான்மையோர் பெண்கள் என்பதால் இது சிலருக்கு மட்டும் நேர்ந்த இடர்ப்பாடாக இருக்கவில்லை.

கண்ணாடிக் கவசத்தில் நீராவி படிந்து பார்வையை மறைக்கும். இரட்டைக் கையுறையுடன் நரம்பைத் தொட்டறிந்து ஊசி செலுத்த வேண்டும். முகக்கவசத்தின் அழுத்தத்தால் மூக்கிலும் கன்னங்களிலும் புண்கள் தோன்றும். முகம் தெரியாததால் நோயாளியால் தம்மைக் கவனிக்கும் 'சிஸ்டர்' யார் என்றுகூட அறிய இயலாது. புதுதில்லி எய்ம்ஸ் செவிலியர்கள் 2020 ஜூன் மாதத்தில் போராட்டம் நடத்தியபோது, கவச உடையுடன் பணியாற்றும் நேரத்தை நான்கு மணி நேரமாகக் குறைக்க வேண்டும் என்பது அவர்களது முதன்மைக் கோரிக்கைகளுள் ஒன்றாக இருந்தது. மேலே கண்ட கணக்கின்படி நான்கு மணி நேர முறைக்குப் பத்துப் படுக்கைகளுக்கு 105 செவிலியர் தேவைப்படுவர். கோரிக்கை நியாயமானதாக இருந்தும் அதனை நிறைவேற்றுவது கடினமாக இருந்தமைக்கு இதுவே காரணம்.

படுக்கைகள் பெருகின, செவிலியர் பெருகவில்லை

மும்பையில் முதல் கொரோனா தொற்று 2020 மார்ச் 11 அன்று உறுதி செய்யப்பட்டது. ஒரு மாதத்திற்குள்ளாகவே, ஏப்ரல் முதல் வாரத்தில், மும்பை சென்ட்ரல் பகுதியிலுள்ள தனியார் மருத்துவமனை ஒன்றில் 26 செவிலியர்களுக்கும் 3 மருத்துவர்களுக்கும் தொற்று ஏற்பட்டது. அம்மருத்துவமனை கட்டுப்பாட்டு மண்டலமாக அறிவிக்கப்பட்டு மூடப்பட்டது. பாதிக்கப்பட்ட செவிலியர்களில் பலர் கேரளத்தைச் சேர்ந்தவர்கள். செவிலியருக்குத் தொற்று ஏற்பட்டால் ஒரு நோயாளி கூடுவதுடன், பணியாற்றும் கைகளும் குறைகின்றன என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

அதே ஆண்டு மே மாதத்தில் பாந்த்ரா குர்லா வளாகத்தில் சுமார் 1,000 படுக்கைகள் கொண்ட தற்காலிக மையம் சில வாரங்களில் கட்டி முடிக்கப்பட்டது. கோரேகாவிலும் முலுண்டிலும் இத்தகைய மையங்கள் எழுந்தன. கூடாரங்களையும் கட்டில்களையும் ஆக்சிஜன் குழாய்களையும் சில வாரங்களில் அமைத்துவிட இயலும். செவிலியரை அவ்வாறு உருவாக்க இயலாது. பொதுச் செவிலியர் பட்டயப் படிப்புக்கு மூன்று ஆண்டுகளும், இளநிலைப் பட்டத்திற்கு நான்கு ஆண்டுகளும் ஆகின்றன. செயற்கைச் சுவாசக் கருவியைக் கையாளும் அனுபவம் பெற அதன் பின்னரும் காலம் தேவை.

ஆகவே அனுபவமிக்க கைகளைப் பிற மாநிலங்களில் தேட நேர்ந்தது. 50 மருத்துவர்களையும் 100 செவிலியர்களையும் அனுப்பி உதவுமாறு மகாராஷ்டிரம் கேரளத்திடம் 2020 மே மாதத்தில் கோரியது. அதே வாரங்களில் நாட்டின் மறுபுறத்தில் நேர்மாறான காட்சி அரங்கேறியது. கொல்கத்தாவின் தனியார் மருத்துவமனைகளில் பணியாற்றிய மணிப்பூர் செவிலியர்கள் 185 பேர் பணியை விட்டு மே நடுப்பகுதியில் ஊர் திரும்பினர். ஒரு நகரில் ஏற்படும் பற்றாக்குறையை மற்றொரு நகரிலிருந்து நிரப்பினால், பற்றாக்குறை இடம் மாறுகிறதே தவிர தீர்வதில்லை.

இரண்டாம் அலையில் 2021 ஏப்ரல் 4 அன்று மும்பையில் ஒரே நாளில் 11,163 பேருக்குத் தொற்று உறுதியானது. மூன்றாம் அலையில் 2022 ஜனவரி 7 அன்று இவ்வெண்ணிக்கை 20,971-ஐத் தொட்டது. மூன்றாம் அலையில் நோயின் கடுமை குறைவாக இருந்தபோதிலும், மருத்துவமனைப் பணியாளர்கள் பலரும் ஒரே நேரத்தில் தொற்றுக்குள்ளானதால் எஞ்சியவர்களின் பணிச்சுமை கூடியது. ஓர் அலையின் களைப்பு தீருமுன் மறு அலை வந்தது. களைப்பு பணிச்சோர்வாக மாறும் வழி இதுவே.

அறிந்தும் செய்ய இயலாத வேதனை

பணிச்சுமையுடன் மற்றொரு வேதனையும் சேர்ந்துகொண்டது. நோயாளிக்கு எது தேவை என்பதைச் செவிலியர் அறிவார். இரண்டு மணி நேரத்திற்கொருமுறை நிலை மாற்றிப் படுக்க வைக்க வேண்டும், வாய் உலராமல் நீர் தர வேண்டும், அச்சத்தில் இருப்பவரிடம் சிறிது நேரம் பேச வேண்டும். ஆனால் ஒருவர் பொறுப்பில் பலர் இருக்கும்போது இவற்றைச் செய்ய நேரமிருக்காது. செய்ய வேண்டியதை அறிந்தும் செய்ய இயலாமற்போகும்போது ஏற்படும் இத்துயரை உளவியலாளர்கள் அறநெறிக் காயம் என்று குறிப்பிடுகின்றனர்.

கொரோனா பிரிவுகளில் உறவினர்களுக்கு அனுமதியில்லை. இதனால் இறுதித் தறுவாயில் இருந்தவர்களின் அருகில் நின்றவர்கள் செவிலியர்களே. கைப்பேசியை உயர்த்திப் பிடித்துக் காணொலி வழியே குடும்பத்தாருக்கு முகம் காட்டியவர்களும், இறப்புச் செய்தியைக் கேட்டு மறுமுனையில் எழுந்த அழுகையைக் கேட்டு நின்றவர்களும் அவர்களே. அடுத்த நிமிடம் அடுத்த படுக்கைக்குச் செல்ல வேண்டியிருந்ததால் துக்கப்படுவதற்கும் நேரம் கிடைக்கவில்லை.

2020 மார்ச் 22 அன்று மக்கள் கைத்தட்டி நன்றி தெரிவித்தனர். மே 3 அன்று ஆயுதப்படை ஹெலிகாப்டர்கள் மருத்துவமனைகளின்மீது மலர் தூவின. அதே மாதங்களில் வாடகை வீட்டைக் காலி செய்யுமாறும், குடியிருப்புக்குள் நுழைய வேண்டாம் என்றும் கூறப்பட்ட செவிலியர்களும் நாட்டின் பல நகரங்களில் இருந்தனர். இத்தகைய தொந்தரவுகளையும் குற்றமாக்கும் வகையில் தொற்றுநோய்கள் சட்டத் திருத்த அவசரச் சட்டம் ஏப்ரல் 22 அன்று பிறப்பிக்கப்பட்டது. பணியின்போது தொற்றால் இறக்க நேரும் சுகாதாரப் பணியாளர்களுக்காக 50 லட்சம் ரூபாய் காப்பீட்டுத் திட்டமும் கொண்டுவரப்பட்டது. சுகாதாரப் பணியாளர்களுக்கு ஊதியமும் தனிமைப்படுத்தும் வசதியும் உரிய முறையில் வழங்கப்படுவதை உறுதி செய்யுமாறு உச்ச நீதிமன்றம் ஜூன் மாதத்தில் உத்தரவிட்டது. இவையனைத்தும் தேவையான பாதுகாப்புகள். எனினும் வார்டில் நிற்கும் செவிலியர்களின் எண்ணிக்கையை இவற்றுள் எதுவும் மாற்றவில்லை.

2020 ஜனவரி முதல் 2021 மே வரையிலான காலத்தில் உலகெங்கும் 80,000 முதல் 1.8 லட்சம் வரையிலான சுகாதாரப் பணியாளர்கள் கொரோனாவால் இறந்திருக்கக்கூடும் என்று உலக சுகாதார அமைப்பு மதிப்பிட்டுள்ளது. அவர்களது இடங்களை நிரப்பியவர்கள், அவர்களோடு பணியாற்றியவர்கள் என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

போராட்டங்கள் கேட்டது என்ன?

செவிலியர்கள் தங்கள் சோர்வைப் பெரும்பாலும் உளவியல் மொழியில் கூறவில்லை. அவர்கள் அதனைக் கோரிக்கைப் பட்டியல்களாகவே முன்வைத்தனர். 2021 ஜூன் மாதத்தில் மகாராஷ்டிர அரசு மருத்துவமனைச் செவிலியர்கள் படிப்படியான வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டபோது, காலிப் பணியிடங்களை நிரந்தரமாக நிரப்புதல், பதவி உயர்வு, விடுப்பு ஆகியவற்றையே வலியுறுத்தினர். 2022 மே இறுதியில் அவர்கள் மீண்டும் வேலைநிறுத்தம் செய்தனர். செவிலியர் நியமனத்தைத் தனியார் முகமைகளிடம் ஒப்படைக்கும் முடிவை அப்போது எதிர்த்தனர்.

தமிழகத்தில் பெருந்தொற்றுக் காலத்தில் ஒப்பந்த அடிப்படையில் நியமிக்கப்பட்ட சுமார் 2,400 செவிலியர்களின் பணிக்காலம் 2022 டிசம்பர் 31 அன்று முடிவுக்கு வந்தது. பணி நீட்டிப்பும் நிரந்தரமும் கோரி அவர்கள் சேலம், சென்னை உள்ளிட்ட நகரங்களில் போராடினர். அவர்களுக்கு மாற்றுப் பணி வழங்கப்படும் என்று அரசு அறிவித்தது. எனினும் அதுவும் ஒப்பந்தப் பணியே. பிரிட்டனில் 'ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங்' அமைப்பு தனது 106 ஆண்டுக்கால வரலாற்றில் முதன்முறையாக 2022 டிசம்பர் 15 அன்று தேசிய அளவிலான வேலைநிறுத்தத்தை நடத்தியது. ஊதியத்துடன் நோயாளிகளின் பாதுகாப்பும் அங்கு முன்வைக்கப்பட்டது.

தனியார் மருத்துவமனைகளின் நிலை இன்னும் சிக்கலானது. உச்ச நீதிமன்றத்தின் 2016-ஆம் ஆண்டு ஆணையைத் தொடர்ந்து அமைக்கப்பட்ட நிபுணர் குழு, 200-க்கு மேற்பட்ட படுக்கைகள் கொண்ட தனியார் மருத்துவமனைகள் அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம் வழங்க வேண்டும் என்றும், 50-க்குக் குறைவான படுக்கைகள் உள்ள இடங்களிலும் மாத ஊதியம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்றும் பரிந்துரைத்தது. அதனை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு மாநிலங்களிடம் விடப்பட்டது. குறைந்த ஊதியமும் நிலையற்ற பணியும் நிலவும் இடத்திலிருந்து அனுபவமிக்க செவிலியர் வளைகுடா நாடுகளுக்கும் ஐரோப்பாவுக்கும் புறப்படுவது இயல்பே. எஞ்சியிருப்பவர்களின் பொறுப்பில் மேலும் ஒரு படுக்கை கூடுகிறது.

ஆய்வுகள் கூறும் தீர்வு

இந்தக் 'கூடுதலான ஒரு படுக்கை' எத்தகைய விளைவை ஏற்படுத்தும் என்பதை அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளில் நடத்தப்பட்டு 2002-ஆம் ஆண்டில் வெளியான லிண்டா ஐகன் குழுவினரின் ஆய்வு அளவிட்டுள்ளது. ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது, அச்செவிலியர் பணிச்சோர்வுக்கு ஆளாகும் வாய்ப்பு 23 விழுக்காடு அதிகரிக்கிறது. அறுவை சிகிச்சை செய்துகொண்ட நோயாளி 30 நாள்களுக்குள் இறக்கும் வாய்ப்பும் 7 விழுக்காடு கூடுகிறது. பெருந்தொற்று ஏதுமில்லாத காலத்தின் நிலை இது. செவிலியரின் சோர்வும் நோயாளியின் உயிரும் ஒரே கணக்கின் இரு விடைகள் என்பதை இதைவிடத் தெளிவாகக் கூற இயலாது.

கலிபோர்னியா மாநிலம் ஒரு செவிலியர் கவனிக்கக்கூடிய நோயாளிகளின் உச்ச எண்ணிக்கையை நிர்ணயிக்கும் சட்டத்தை 1999-இல் இயற்றி, 2004 முதல் நடைமுறைப்படுத்தியது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலமும் 2015-இல் இத்தகைய சட்டத்தை நிறைவேற்றியது. இந்தியாவிலும் விதிமுறைகள் உள்ளன. ஆனால் அவை பெரும்பாலும் பரிந்துரைகளாகவே இருக்கின்றன. மீறப்படும்போது எவரும் பதில் சொல்ல வேண்டிய நிலை இல்லை.

மனநல ஆலோசனை தேவையில்லை என்பது இதன் பொருளன்று. உறக்கமின்மை, தொடர்ந்த அழுகை, எதிலும் பற்றின்மை போன்ற அறிகுறிகள் உள்ளவர்கள் உதவி நாட வேண்டும். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். தமிழிலும் ஆலோசனை பெறலாம். ஆனால் ஆலோசனை முடிந்து திரும்பும் செவிலியரின் பொறுப்பில் அதே எண்ணிக்கையிலான நோயாளிகள் காத்திருந்தால், சோர்வு மீண்டும் தொடங்கும். தியானப் பயிற்சியாலோ பாராட்டுச் சான்றிதழாலோ வார ஓய்வு நாளை ஈடு செய்ய இயலாது.

உலகில் 2023-ஆம் ஆண்டு நிலவரப்படி சுமார் 2.98 கோடி செவிலியர் இருப்பதாகவும், 58 லட்சம் பேருக்குப் பற்றாக்குறை நிலவுவதாகவும் உலக சுகாதார அமைப்பின் 2025-ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. அடுத்த பெருந்தொற்று எப்போது வரும் என்பதை எவரும் அறியார். வரும்போது கூடாரங்களும் கட்டில்களும் மீண்டும் சில வாரங்களில் எழுந்துவிடும். அவற்றின் அருகில் நிற்கப்போகும் செவிலியர் இன்றே படித்து, நியமிக்கப்பட்டு, பணியில் நிலைத்திருக்க வேண்டும்.

விக்ரோலியிலிருந்து அதிகாலை ரயிலில் புறப்படும் செவிலியருக்கு, அன்றைய பணி முடிந்ததும் மாற்றுக்கு ஒருவர் வந்துவிடுவார் என்ற உறுதி வேண்டும். பெருந்தொற்றுக் காலத்தில் அவர்களுக்குக் கிடைக்காதது அதுவே. அமைதியான காலத்தில் அதனை உறுதி செய்யாவிட்டால், நெருக்கடிக் காலத்தில் அது கிடைக்காது.